முதல் குழந்தைக்கும் இரண்டாவதுக்கும் நடுவே எந்தக் கருத்தடை முறை? வைத்துக்கொண்டு வாழ்ந்தவர்கள் எழுதுங்கள்

தேவனாம்பட்டினத்து மருமகள்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 28. அடுத்த மாதம் என் மகளுக்கு ஒரு வயது நிறைகிறது. அவள் அறுவைச் சிகிச்சையில் பிறந்தவள். முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போய் நான் மேசையில் படுத்திருந்த நேரத்தில், தலைமாட்டில் நின்ற ஒருவர், "காப்பர் டி வைத்துவிடலாமா அம்மா?" என்று கேட்டார். அது என்னவென்று அதற்கு முன் ஒருவரும் எனக்கு விளக்கியிருக்கவில்லை. பயத்தில் வேண்டாம் என்றேன். அதன் பிறகு யாரும் கேட்கவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை.

பால் கொடுக்கிறவரை கவலையில்லை என்று என் அம்மா சொன்னதை நம்பியிருந்தோம். ஏழாம் மாதமே மாதவிடாய் திரும்பிவிட்டது. போன மாதம் 9 நாள் தள்ளிப்போனது. அந்த ஒன்பது நாளும் என் கணவர் சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்து வந்து, கதவைத் திறந்ததும் என் முகத்தைத்தான் முதலில் பார்ப்பார். நான் தலையை ஆட்டுவேன், அவர் போய்ப் படுத்துவிடுவார். பத்தாம் நாள் வந்தது.

இரண்டாவது குழந்தை எங்களுக்கு வேண்டும், ஆனால் மூன்று ஆண்டு போக வேண்டும். மாமியாருக்குத் தெரிந்த ஒரே முறை, "இன்னொன்றையும் பெற்றுக்கொண்டு ஒரேயடியாக ஆபரேஷன் செய்துகொள்" என்பது. அதற்கு நடுவில் இருப்பதைப் பற்றி எங்கள் தெருவில் யாரும் வாய் திறப்பதில்லை. மருத்துவரிடம் கேட்க வேண்டியதை அவரிடம் கேட்டுக்கொள்கிறேன். எந்த முறையாக இருந்தாலும் அதை வைத்துக்கொண்டு நாளை ஓட்டியவர்கள், என்ன தொல்லை வந்தது, அதை எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதினால் உதவியாக இருக்கும்.

மஞ்சக்குப்பம் ஆசிரியை:

சகோதரி, கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி-யை ஏழு ஆண்டு வைத்திருந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். என் மகனுக்கு ஏழு மாதம் ஆனபோது, மாதவிடாயின் நான்காம் நாள் போய் வைத்துக்கொண்டேன். நான் பயந்தது வலிக்கு. வலி இருந்தது, மறைக்கவில்லை. கருப்பையின் வாயைப் பற்றிப் பிடிக்கும்போது அடிவயிற்றில் ஒரு இழுப்பு, உள்ளே போகும்போது இன்னொரு இழுப்பு, நெற்றியில் வியர்வை. அவ்வளவும் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்தது. கால் மணி நேரம் படுக்க வைத்து அனுப்பினார்கள். ஷேர் ஆட்டோவில்தான் வீடு திரும்பினேன்.

எனக்கு ஒருவரும் சொல்லாதது அதற்குப் பிறகு வந்ததைத்தான். முதல் நான்கு மாதம் உதிரப்போக்கு இரண்டு மடங்கானது. ஐந்து நாளில் முடிவது எட்டு நாள் நீண்டது. எங்கள் பள்ளியில் ஆசிரியைகளுக்கு ஒரே ஒரு கழிப்பறை, அதுவும் மைதானத்தின் மறுகோடியில். இரண்டு பாட வேளைகள் தொடர்ந்து நின்று நடத்திவிட்டுப் புடவையின் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே அந்த மைதானத்தைக் கடந்தது இன்றும் நினைவிருக்கிறது. இரண்டாம் மாதத்திலேயே எடுத்துவிடலாம் என்று கிளம்பினேன். மருத்துவர் உதிரப்போக்குக்கும் வலிக்கும் மாத்திரை கொடுத்து, "இன்னும் மூன்று மாதம் பாருங்கள், பெரும்பாலானவர்களுக்கு உடல் பழகிவிடும். அதற்கு மேலும் இப்படியே இருந்தால் நானே எடுத்துவிடுகிறேன்" என்றார். ஐந்தாம் மாதம் அடங்கியது. அதன் பிறகு அது இருக்கிறது என்பதையே நான் மறந்துவிட்டேன். மாதவிடாய் முடிந்ததும் அதன் அடியில் தொங்கும் நூல் தட்டுப்படுகிறதா என்று விரலால் பார்த்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

ஒரு திருத்தத்தையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். காப்பர் டி நெஞ்சுக்கு ஏறிவிடும் என்று எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். அது நெஞ்சுக்கு ஏறிப் போக வழி கிடையாது. மிக அரிதாக, வைக்கும்போது கருப்பைச் சுவரைத் துளைத்துவிடுவதுண்டு. அதைவிட அதிகம் நடப்பது அது தானாகக் கீழே நழுவி வெளியே வந்துவிடுவது. அதனால்தான் நூலைப் பார்க்கச் சொல்கிறார்கள். என் நாத்தனாருக்குப் பிரசவம் முடிந்த மறுநாளே வைத்தார்கள், ஆறாவது வாரம் நழுவிவிட்டது. பிரசவத்தை ஒட்டி வைப்பதில் அந்த வாய்ப்பு கொஞ்சம் அதிகம் என்று பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

எடுத்ததற்கு மறுமாதமே என் மகள் தங்கினாள்.

கெடிலக்கரைவாசி:

ஆண் ஒருவன் இந்த இழையில் எழுதலாமா என்று யோசித்து, எழுதுவதே சரி என்று முடிவு செய்தேன். ஒன்பது ஆண்டுகளாக எங்கள் வீட்டில் ஆணுறைதான். என் மனைவிக்கு வலிப்பு நோய்க்கான மாத்திரை ஓடுகிறது. அந்த மாத்திரைகளில் சில, கருத்தடை மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும் என்று நரம்பியல் மருத்துவர் சொன்ன அன்றே, இது என் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

ஆணுறை எளிது என்று எல்லோரும் சொல்வார்கள். சரியாகப் பயன்படுத்தினால் நூறு தம்பதியரில் ஆண்டுக்கு இரண்டு பேருக்குத் தவறலாம். நடைமுறையில் மக்கள் பயன்படுத்துகிற விதத்தில் அது 13 ஆகிவிடுகிறது. இரண்டுக்கும் 13-க்கும் நடுவில் கிடப்பதெல்லாம் நம்முடைய அசட்டுத்தனம்தான். நான் செய்த இரண்டைச் சொல்கிறேன். முதலாவது, வீட்டில் அம்மா கண்ணில் படக்கூடாது என்று பாக்கெட்டை வண்டியின் இருக்கைக்கு அடியில் இருக்கும் பெட்டியில் வைத்திருந்தேன். சித்திரை வெயிலில் அந்தப் பெட்டிக்குள் இட்லியே வெந்துவிடும். ரப்பர் என்னாகும்? இரண்டாவது, தேங்காய் எண்ணெய். எண்ணெய் பட்ட சில நிமிடங்களிலேயே லேட்டக்ஸ் உறை வலுவிழக்கிறது என்பது எனக்குக் கிழிந்த பிறகுதான் தெரிந்தது.

அது கிழிந்தது ஒரு வெள்ளிக்கிழமை இரவு. மறுநாள் காலை திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தைச் சுற்றி நான்கு மருந்துக் கடைகளில் அவசரக் கருத்தடை மாத்திரை கேட்டேன். ஒருவர் வராது என்றார், ஒருவர் சீட்டு வேண்டும் என்றார், ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுத்தவருக்கு இருமல் மருந்து எடுக்கப் போய்விட்டார். நான்காமவர் மட்டும் மனிதராகப் பேசினார்: "தம்பி, இங்கே யாரும் வைப்பதில்லை. பாண்டிக்குப் போய்ப் பாருங்கள்." மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்று நாட்டில் அனுமதி உள்ள மாத்திரை அது. தமிழ்நாட்டில் அதற்குத் தடையும் இல்லை. இருந்தும் பல ஆண்டுகளாக நம் பக்கத்துக் கடைகளில் அது கண்ணில் படுவதே அபூர்வம்.

பாண்டிப் பேருந்தில் ஏறினேன். ரெட்டிச்சாவடி தாண்டி, கன்னியக்கோயில் எல்லையில் பாதிப் பேருந்து காலியானது. அவர்கள் எதற்கு இறங்குகிறார்கள் என்று நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எல்லை கடந்து வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் இதுவும் சேர்ந்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டேன். புதுச்சேரியில் இரண்டாவது கடையில் கிடைத்தது. பகல் ஒரு மணிக்கு மனைவி விழுங்கினார். 72 மணி நேரத்துக்குள் என்பது கணக்கு. ஆனால் எவ்வளவு முன்னதாகப் போடுகிறோமோ அவ்வளவு பலன். அந்த மாதம் மாதவிடாய் ஒரு வாரம் தள்ளிப்போய், எங்கள் உயிர் போய் வந்தது. அந்த மாத்திரையால் நாள் முன்பின் ஆவது வழக்கம்தானாம்.

இப்போது உறைகள் பீரோவில், துணிக்கு நடுவே, நிழலில் இருக்கின்றன. அம்மாவுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். தெரிந்தால் தெரியட்டும்.

ஓய்வுபெற்ற நர்சம்மா:

1985 முதல் குறிஞ்சிப்பாடி வட்டாரத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது பேரப்பிள்ளைகளோடு லாஸ்பேட்டையில் இருக்கிறேன்.

மகளே, முதலில் பால் கொடுக்கும் விஷயம். உன் அம்மா சொன்னது பொய்யில்லை, ஆனால் பாதிதான். குழந்தைக்கு ஆறு மாதம் நிறையாதிருக்க வேண்டும், தாய்ப்பாலைத் தவிரத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் இரவும் பகலும் பால் கொடுக்க வேண்டும், மாதவிடாய் திரும்பியிருக்கக் கூடாது. மூன்றும் ஒருசேர இருந்தால்தான் அது காப்பு. ஒன்று தவறினாலும் வேறு முறைக்கு மாறிவிட வேண்டும். மாதவிடாய் திரும்பும் முன்பே கருமுட்டை வெளிவந்துவிடும் என்பதால், முதல் மாதவிடாயைப் பார்க்காமலே அடுத்த பிள்ளையைச் சுமந்த பெண்கள் என் பகுதியில் பலர் உண்டு.

ஆசிரியை அம்மா காப்பர் டி பற்றி எழுதியதை இரண்டு முறை படித்தேன், எனக்கு உறுத்தியது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒவ்வொரு செவிலிக்கும் ஆண்டுக்கு இத்தனை காப்பர் டி, இத்தனை ஆபரேஷன் என்று இலக்கு இருந்தது. மார்ச் மாதம் நெருங்கினால் எங்களுக்குச் சோறு இறங்காது. அந்த நெருக்கடியில், "உதிரம் கூடும், நான்கைந்து மாதம் பொறுக்க வேண்டும்" என்று நாங்கள் முன்கூட்டிச் சொன்னதில்லை. சொன்னால் மறுத்துவிடுவார்களே! சொல்லாததால் மூன்றாம் மாதம் வந்து எடுத்துவிடச் சொல்லிச் சண்டை போட்டார்கள். அவர்கள் பத்துப் பேரிடம் சொன்னதுதான் இன்றுவரை "நெஞ்சுக்கு ஏறும்" என்று சுற்றுகிறது. 1996 ஏப்ரலில் அந்த இலக்கு முறையை நாடு முழுக்க எடுத்துவிட்டார்கள். என் பணிக்காலத்தில் எனக்கு மிகவும் பிடித்த உத்தரவு அது.

அரசு மருத்துவமனைகளில் இரண்டு வகை காப்பர் டி உண்டு: 380ஏ பத்து ஆண்டு, 375 ஐந்து ஆண்டு. இரண்டையும் இடையில் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். எந்த வகை வைத்தார்கள், எந்தத் தேதி என்று அட்டையில் எழுதி வாங்கிக்கொள்.

உனக்கு இப்போது பால் கொடுக்கும் காலம் என்பதால் மாத்திரையில் கவனம் வேண்டும். மாலா-என் போன்ற தினசரி மாத்திரைகளைக் குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை கொடுப்பதில்லை. உனக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. ஆனாலும் ரத்த அழுத்தம் பார்க்காமல், ஒற்றைத் தலைவலி உண்டா என்று கேட்காமல் அதைக் கொடுப்பவரிடம் வாங்காதே. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவர்கள் அந்த மாத்திரையை நம்பி இருக்கக் கூடாது. 'சாயா' என்று ஒன்று இருக்கிறது. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் கண்டுபிடித்த மருந்து, 1991-இல் 'சஹேலி' என்ற பெயரில் வந்தது. அதில் ஸ்டீராய்டு ஹார்மோன் இல்லை, பால் கொடுக்கிறவர்களும் சாப்பிடலாம். முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

முத்தியால்பேட்டை:

நர்சம்மா சொன்ன ஒற்றைத் தலைவலிக்கு நானே சாட்சி. நான்கு ஆண்டு தினசரி மாத்திரை சாப்பிட்டேன். 21 வெள்ளை, 7 இரும்புச்சத்து. இரவு தொடர் முடிந்து விளம்பரம் வரும்போது விழுங்குவேன், ஒரு நாளும் தவறியதில்லை. மாதவிடாய் நாள்காட்டியைப் பார்த்து வருவது போல வந்தது, வலியும் குறைந்தது. ஒரு நாள் கணினித் திரையில் ஓரமாக வளைவளைவாக வெளிச்சம் ஓடியது, அரை மணியில் மண்டை பிளந்தது. கண்ணாடி மாற்றப் போன இடத்தில் கண் மருத்துவர் விசாரித்துவிட்டு, "முதலில் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு மகளிர் மருத்துவரைப் பாருங்கள்" என்றார். இப்படி வெளிச்சம் தெரிகிற தலைவலியோடு அந்த வகை மாத்திரையைச் சாப்பிட்டால் பக்கவாதத்துக்கு வாய்ப்பு கூடுமாம். மாத்திரையை வாங்கிய கடையில் நான்கு ஆண்டில் ஒரு முறைகூட என்னை எதுவும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

வில்லியனூர் வாசகி:

மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் ஊசியைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். அரசு மருத்துவமனைகளில் அதை 'அந்தரா' என்பார்கள். யாருக்கும் தெரிய வேண்டாம், வீட்டில் மாத்திரை அட்டை கிடக்க வேண்டாம், இரவில் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று மூன்று காரணத்துக்காக அதைத் தேர்ந்தேன். மூன்றும் உண்மைதான்.

ஆனால் எங்கள் வீடு தீட்டு பார்க்கும் வீடு. மாதவிடாய் நாளில் சமையலறைக்குள் போகக் கூடாது, பூஜை அறைப் பக்கம் திரும்பக் கூடாது, பின்கட்டில் தனித் தட்டு, தனிப் பாய். ஊசி போட்ட மூன்றாவது வாரத்திலிருந்து எனக்குத் திட்டுத்திட்டாக உதிரம் பட ஆரம்பித்தது. இரண்டு நாள் படும், ஒரு நாள் நிற்கும், மறுபடி படும். ஊசியால் வருவதுதான், உடம்புக்குக் கெடுதல் இல்லை, போகப் போக மாதவிடாயே நின்றுபோகலாம் என்று செவிலியர் முன்பே சொல்லியிருந்தார். உடம்புக்குக் கெடுதல் இல்லைதான். என் மாமனார் வீட்டு நடைமுறைக்கு அது சரிப்படவில்லை. ஒரு மாதத்தில் 17 நாள் நான் பின்கட்டில் இருந்தேன். எனக்கு ஏதோ நோய் என்று ஊரெல்லாம் பேச்சு. கடைசியில், படுவதை யாரிடமும் சொல்லாமல் சமைக்கத் தொடங்கினேன். ஆறு ஆண்டுப் பழக்கம் அப்படித்தான் எங்கள் வீட்டில் உடைந்தது. அந்த ஒன்றுக்காக ஊசிக்கு நன்றி சொல்ல வேண்டும்.

இரண்டாவது ஊசியோடு நிறுத்திவிட்டேன். அதன் பிறகு பிள்ளை தங்க ஒன்பது மாதம் ஆயிற்று. நிறுத்தியதும் உடனே தங்காது, ஏழு முதல் பத்து மாதம் ஆகலாம் என்பதை இரண்டாவது குழந்தைக்கு நாள் பார்த்து வைத்திருக்கும் இந்தச் சகோதரி கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பண்ருட்டியான்:

எல்லாம் சரி. இத்தனை ஊசி, மாத்திரை, கம்பி என்று பெண்கள் படுவதைப் படித்தால் சங்கடமாகத்தான் இருக்கிறது. அதற்காக ஆண்கள் ஆபரேஷன் செய்துகொள்ள முடியுமா? என் பெரியப்பா எமர்ஜென்சி காலத்தில் செய்துகொண்டவர். அதன் பிறகு மூட்டை தூக்க முடியாமல் போய்விட்டது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அரியாங்குப்பம் அஞ்சல்காரர்:

பண்ருட்டி நண்பரே, நான் செய்துகொண்டவன். நான்கு ஆண்டு ஆகிறது. வாரத்தில் ஆறு நாள் அஞ்சல் பையோடு சைக்கிள் மிதிக்கிறேன்.

உங்கள் பெரியப்பாவை நான் குறை சொல்ல மாட்டேன். 1976-77 ஓராண்டில் மட்டும் நாடு முழுக்க 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கருத்தடை அறுவை நடந்தது. அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அதில் எத்தனை பேர் மனம் ஒப்பிப் போனார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். மிரட்டி அழைத்துப் போய்ச் செய்த ஒன்றுக்குப் பிறகு ஒரு மனிதருக்கு உடம்பு தளர்ந்ததாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் இன்று செய்வது கத்தி வைக்காத முறை. மரத்துப்போக ஊசி போட்டு, விதைப்பையின் தோலில் சிறு துளை இட்டு, விந்தணு வரும் குழாயை வெளியே எடுத்துக் கட்டி வெட்டிவிடுகிறார்கள். தையல் கிடையாது. எனக்கு இருபது நிமிடம் ஆயிற்று. அந்த நேரம் முழுக்க மருத்துவர் என்னிடம் அரியாங்குப்பம் ஆற்றுப் பாலத்துப் போக்குவரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் விடுப்பு, ஒரு வாரம் சைக்கிள் இல்லை, கொஞ்சம் வீக்கம், நீலம் பாரித்தது, அவ்வளவுதான். ஆனால் ஒன்றை எல்லோரும் கோட்டைவிடுகிறார்கள். செய்த அன்றே காப்பு வந்துவிடாது. குழாயில் ஏற்கெனவே இருக்கும் விந்தணு வெளியேற மூன்று மாதம் ஆகும். அதுவரை ஆணுறை, அதன் பிறகு விந்துப் பரிசோதனை, அதில் ஒன்றும் இல்லை என்று தாள் கையில் வந்த பிறகுதான் நிம்மதி. பரிசோதனைக் கூடத்தில் அந்தச் சிறு டப்பாவைக் கையில் கொடுத்துக் கழிப்பறையைக் காட்டியதுதான் எனக்கு ஆபரேஷனைவிடக் கடினமாக இருந்தது. வெளியே வரிசையில் சர்க்கரை பார்க்க வந்த பெரியவர் ஒருவர் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

என் மனைவிக்கு இரண்டு பிரசவமும் சிரமம். இரண்டாவதில் ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. இனி அவள் வயிற்றில் யாரும் கை வைக்க வேண்டாம் என்று முடிவு செய்ய எனக்கு ஒரு நிமிடம் ஆயிற்று, அம்மாவிடம் அதைச் சொல்ல ஒரு வருடம் ஆயிற்று. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையிலான மணமான பெண்களில் தாங்களே அறுவை செய்துகொண்டவர்கள் 37.9 விழுக்காடு, கணவர் செய்துகொண்டவர்கள் 0.3 விழுக்காடு. வயிற்றைத் திறக்க வேண்டிய அறுவை பெரியது, தோலில் துளையிடும் அறுவை சிறியது. நாம் ஏன் பெரியதைத் தேர்ந்தெடுக்கிறோம்?

பண்ருட்டியான்:

கேள்வி நியாயமானதுதான். பதில் என்னிடம் இல்லை. நர்சம்மா, மூட்டை தூக்குவது பற்றி மட்டும் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற நர்சம்மா:

தம்பி, அந்தக் குழாயில் போவது விந்தணு மட்டும். ஆண் தன்மையைத் தரும் ஹார்மோன் ரத்தத்தில் போகிறது, அதை யாரும் கட்டவில்லை. புண் ஆறிய பிறகு என்ன வேண்டுமானாலும் தூக்கலாம்.

கூத்தப்பாக்கம்:

எனக்கு இப்போது 41. மாமியார் சொல்கிற வழியில் போனவள் நான். 23 வயதில் இரண்டாவது பிரசவம் முடிந்த மூன்றாம் நாள் ஆபரேஷன் செய்துவிட்டார்கள். எந்த மருத்துவமனை என்று சொல்ல விரும்பவில்லை. கையெழுத்துப் போட்டது நான்தான். ஆனால் அது திரும்ப முடியாதது என்று யாரும் அழுத்திச் சொல்லவில்லை. தாளில் இருந்திருக்கும், படிக்கும் நிலையில் நான் இல்லை. எனக்கு அதனால் உடம்புக்கு ஒரு குறையும் வரவில்லை. 18 ஆண்டு நிம்மதியாக இருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். என் தங்கைக்கு அப்படி இல்லை. அவளும் 24-இல் செய்துகொண்டாள், 27-இல் கணவரை விபத்தில் இழந்தாள், மறுமணம் நடந்தது, புது வீட்டில் ஒரு குழந்தை வேண்டும் என்றார்கள். குழாயை மறுபடி இணைக்கும் அறுவை செய்து பார்த்தார்கள். தங்கவில்லை. 24 வயதில் நாம் எதை முடித்துவிட்டோம் என்று நினைக்கிறோம் என்பதை இந்த இழையில் வரும் சிறிய பெண்கள் யோசிக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற நர்சம்மா:

இதைப் படித்ததும் 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு வந்த மாதங்கள்தான் எனக்கு நினைவுக்கு வந்தன. தேவனாம்பட்டினம் முதல் நாகப்பட்டினம்வரை, இருந்த பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, ஏற்கெனவே ஆபரேஷன் செய்துகொண்டிருந்த தாய்மார்கள் எத்தனையோ பேர். குழாயை மீண்டும் இணைக்கும் அறுவைக்கு அரசே செலவை ஏற்றது. சிலருக்குத் தங்கியது, சிலருக்குத் தங்கவில்லை. சுகாதார நிலையத்தின் திண்ணையில் ஒரு தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கள்தானே அம்மா கூட்டிப்போனீர்கள்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அடையாளம் சொல்வது போலச் சொன்னாள்.

இனிப் பிள்ளை வேண்டாம் என்று இருவரும் உறுதியாக இருக்கிறவர்களுக்கு அது நல்ல முறைதான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. நம் மாநிலத்தில் மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். ஆனால் பிரசவ வலியிலும் மயக்கத்திலும் எடுக்கிற முடிவாக அது இருக்கக் கூடாது. கர்ப்பமாக இருக்கும்போதே பேசி முடித்துவிட வேண்டும். இன்னொன்று: ஒரு பெண் ஆபரேஷன் செய்துகொள்ளக் கணவரின் கையெழுத்து வேண்டும் என்று சட்டம் இல்லை. அவள் கையெழுத்து போதும்.

தேவனாம்பட்டினத்து மருமகள்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எல்லாவற்றையும் கணவரிடம் படித்துக் காட்டினேன். அரியாங்குப்பத்து அண்ணன் எழுதியதை அவரே கேட்டு இரண்டாம் முறை படிக்கச் சொன்னார். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு என்னோடு வந்தார். மகளிர் பிரிவில் காத்திருந்த வரிசையில் ஆண் அவர் ஒருவர்தான்.

நான் காப்பர் டி என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். ரத்தம் பார்த்தார்கள், ஹீமோகுளோபின் 8.9 இருந்தது. இருக்கிற ரத்தசோகைக்கு உதிரப்போக்கும் கூடினால் தாங்க மாட்டீர்கள், முதலில் இரும்புச்சத்து மாத்திரை மூன்று மாதம் சாப்பிட்டு ரத்தத்தை ஏற்றிக்கொண்டு வாருங்கள், பிறகும் விருப்பம் இருந்தால் வைக்கலாம் என்றார் மருத்துவர். சூலகத்தில் நீர்க்கட்டி உண்டா, மஞ்சள் காமாலை வந்ததுண்டா என்று விசாரித்துவிட்டுச் சாயா மாத்திரை எழுதினார். இதில் மாதவிடாய் முதலில் தள்ளித் தள்ளி வரும், உதிரம் குறையும், அது என் ரத்தசோகைக்கு நல்லதுதான், ஆனால் 15 நாளுக்கு மேல் தள்ளினால் பரிசோதனை செய்து பார்த்துவிட வேண்டும் என்றும் சொன்னார். அன்றைக்கு மேசையில் படுத்திருந்தபோது என்னைக் கேட்ட மாதிரி இவர் கேட்கவில்லை, உட்கார வைத்துச் சொன்னார்.

மாதவிடாய் தொடங்கிய புதன்கிழமை முதல் மாத்திரை. மூன்று மாதத்துக்குப் புதனும் சனியும், பிறகு புதன் மட்டும். முதல் மூன்று மாதம் ஆணுறையும் சேர்த்து வைத்துக்கொள்வோம் என்று அவரே சொன்னார். கெடிலக்கரை அண்ணன் எழுதியதைக் கேட்டுவிட்டுப் பாக்கெட்டை பீரோவில் வைத்திருக்கிறார்.

மறக்காமல் இருக்க, அடுப்படிச் சுவரில் இருக்கும் மாதக் காலண்டரில் புதன், சனி எல்லாவற்றையும் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்தேன். நேற்று மாமியார் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "சனிக்கிழமை விரதம் எடுத்திருக்கிறாயா?" என்று கேட்டார். அந்த நேரத்தில் வேறு எதுவும் வாயில் வரவில்லை, ஆமாம் என்றேன். இன்று சனிக்கிழமை. வஞ்சிரக் குழம்பு கொதிக்கிறது. எனக்குத் தனியாக ரசம் வைத்திருக்கிறார்.